பைக்கற் சூப்பும் நமது ஆணமும்

பைக்கற் சூப்பை அப்படியே கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறைந்தது போலிருக்கும். ஆனால், சேர்வது பெரும்பாலும் மாவும் உப்பும்தான். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாங்கும்போதே உட்பொருட்களை வாசியுங்கள். இறைச்சிச் சாறு இருந்தால் ஹலால்தானா என்று பாருங்கள்.

குறித்த அளவை விட இரண்டு கோப்பை தண்ணீரைக் கூட்டி, ஒரு பிடி மைசூர்ப் பருப்பை அவியுங்கள். கரட், போஞ்சி வெந்ததும் சூப் தூளைக் குளிர்நீரில் கரைத்து ஊற்றுங்கள். முருங்கையிலை போட்டுக் கொதித்த பின் ஒரு முட்டையை அடித்து ஊற்றி இறக்குங்கள். உப்பு வேண்டாம், தேசிக்காய்ப் புளி போதும்.

ஆணத்தில் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனிக்கச் சொன்னார்கள் நபியவர்கள் (ஸல்). கூட்டிய தண்ணீரால் கோப்பைக்கு உப்பும் குறையும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை போகும்.