யார்க்குச் சொல்லப் போகின்றனர்?

அமெரிக்க அரசியலறிஞர் ஆரல்டு இலாசுவெல் 1948ஆம் ஆண்டில் ஐந்து வினாக்களை அடுக்கித் தந்தார். யார் சொல்கிறார்? என்ன சொல்கிறார்? எவ்வழியாகச் சொல்கிறார்? யார்க்குச் சொல்கிறார்? என்ன விளைகிறது? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியலும் இதழியலும் மக்கள் தொடர்பும் பயில்வோர் பெரும்பாலும் இவ்வைந்தையும் ஆங்கிலத்திலேயே உருவேற்றுகின்றனர். ஆங்கிலத்திலேயே தேர்வும் எழுதுகின்றனர். ஆனால் அவற்றுள் நான்காம் வினாவை அக்கல்லூரிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனவாகத் தெரியவில்லை. யார்க்கு?

பட்டம் பெற்று வெளிவரும் இளைஞன் எங்கே போகிறான்? தமிழ் நாளிதழுக்கும், தமிழ்த் தொலைக்காட்சிக்கும், தமிழ்த் திரைப்படத்திற்கும் போகிறான். அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையில் அமர்ந்தானாயின், அணை திறக்கும் நாளைக் காவிரிக் கடைமடை உழவனுக்கும், புயல் கரை கடக்கும் வேளையை நாகை மீனவனுக்கும் சொல்ல வேண்டியவன் அவனே. சொல் தடுமாறினால் பயிர் போகும், உயிரும் போகும். கேட்கும் செவியெல்லாம் தமிழ்ச் செவி. சொல்லக் கற்பிக்கும் வகுப்பறையில் மட்டும் தமிழுக்கு இடமில்லை! மொழிப்பாடம் என்னும் பெயரால் அஃது ஒரு மூலையில் அமர்த்தப்படுகிறது; துறைப்பாடம் தொடங்கியதும் வெளியே அனுப்பப்படுகிறது.

இதனால் விளைவது என்ன? சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்று, விடியவிடியக் கூத்துப் பார்த்து, கதை சொல்லும் திறம் கைவரப்பெற்ற மாணவன், ஆங்கிலம் வாராமையால் வாயடைத்துக் கிடக்கிறான். நுனிநாக்கு ஆங்கிலத்தான் அறிவாளி எனப்படுகிறான். அவனோ தமிழில் நான்கு வரி பிழையின்றி எழுத மாட்டாதவன். பின்னர் அவன் கையிலேயே ஊடகம் ஒப்படைக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எண்ணித் தமிழெழுத்தில் கொட்டுகிறான். வடவர் விளம்பரத்தை வரிக்கு வரி பெயர்த்து, தமிழன் எக்காலத்தும் பேசாத ஒரு தமிழைத் தமிழன் வீட்டிற்குள்ளேயே ஒலிக்கவிடுகிறான். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பெயர்களைப் பாருங்கள்! 'சூப்பர் சிங்கர்' என்பதில் தமிழே இல்லை. 'குக்கு வித்து கோமாளி' என்பதில் ஒன்றுண்டு, அதுவும் கோமாளி!

கேடு மொழியோடு நிற்கவில்லை. மக்கள் தொடர்புக் கலையின் தந்தையருள் ஒருவராக மாணவர்க்குக் காட்டப்படுபவர் எட்வர்டு பெர்னேசு. 1923இல் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பாடமாக நடத்தியவர். அவரே 1929இல், ஒரு புகையிலை நிறுமத்திற்காக, நியூயார்க்கு ஈசுடர் ஊர்வலத்தில் பெண்களை வெண்சுருட்டுப் புகைக்கச் செய்து, அவற்றை 'விடுதலைத் தீப்பந்தங்கள்' எனப் பெயர் சூட்டிப் பரப்பியவர். நஞ்சுக்கு விடுதலை என்று பெயரிட்ட இக்கயமை, திறமைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுமாயின் என்னாகும்? ஆங்கிலத்தில் பயில்வோனுக்கு மக்கள் 'டார்கெட்' ஆகின்றனர். அச்சொல்லைத் தமிழில் 'குறி' என்று சொல்லிப் பார்க்கட்டும். ஈன்ற தாயை, உடன்பிறந்தாளை, அடுத்த வீட்டு முதியவரை நோக்கிக் 'குறி' என்று சொல்ல எவன் நா எழும்? தாய்மொழியில் பயின்றிருந்தால் அவனுக்கு அந்த நாணமாவது எஞ்சியிருக்கும். தூதுரைப்பான் உள்ளத்தால் தூயனாகவும் மெய்யனாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருக்குறளின் தூது அதிகாரம் காட்டும் நெறி. சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த நூல் அது. தொடர்பியல் வகுப்பில் அதனைத் திறப்பார் எத்துணைப் பேர்?

"தமிழில் கலைச்சொல் ஏது?" என்பர் சிலர். வானொலி, தொலைக்காட்சி, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்பன எம்மொழிச் சொற்கள்? தில்லி 2023ஆம் ஆண்டு மே திங்களில் 'ஆகாசவாணி' என்றே வழங்க வேண்டும் என்றது. தமிழ்மக்கள் நாவில் வானொலி வானொலியாகவே நிற்கிறது. "தமிழில் படித்தால் உலகறிவு வருமா?" என்பர் வேறு சிலர். இலண்டனில் சட்டம் பயின்ற சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். கொச்சை நீக்கிய எளிய தமிழில் எழுதி, உழைப்பாளியின் கையிலும் நாளிதழைச் சேர்த்தார். செய்தியாளர்க்கென 'இதழாளர் கையேடு' ஒன்றையும் தமிழிலேயே எழுதினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. இரும்பையும் கல்லையும் தமிழில் கற்பிக்கலாம். பேச்சைக் கற்பிக்க மட்டும் ஆங்கிலம் வேண்டுமாம்! இதனினும் நகைப்பிற்குரியது வேறுண்டோ?

செய்ய வேண்டுவன மூன்று. தமிழ்நாட்டில் தொடர்பியற் பாடங்கள் அனைத்தும் தமிழ்வழி நடைபெறல் வேண்டும். ஆங்கிலம் ஒரு பாடமாக இருப்பின் போதும். செய்தியும் விளம்பரமும் திரைக்கதையும் நல்ல தமிழில் எழுதிக் காட்டாத எவர்க்கும் இத்துறையில் பட்டம் வழங்கலாகாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் குறளின் சொல்வன்மையும் இலாசுவெல்லுக்கு முன்னதாகவே பாடத்தில் இடம்பெறல் வேண்டும்.

பிள்ளைகளை இப்படிப்பிற்கு அனுப்பும் பெற்றோர், கல்லூரி வாயிலில் நின்று ஒரே ஒரு வினாவைக் கேட்கட்டும்: "எம் பிள்ளை யார்க்குச் சொல்லக் கற்கப் போகிறான்?" தமிழர்க்கு என்பது விடையாயின், தமிழில் கற்பியுங்கள். தமிழர்க்கு அன்று என்பது விடையாயின், தமிழர் பணத்தில் அக்கல்லூரி எதற்கு?