குடிபெயரும் முன்

நுழையும்முன்

ஊரிலேயே இருப்பதா, நகருக்குப் பெயர்வதா என்னும் வினா இன்று தமிழகத்தின் பல இல்லங்களில் எழுகிறது. பிள்ளைகளின் மேற்படிப்பை முன்னிட்டே பெரும்பாலும் அவ்வினா எழுவதால், பதினோராம் வகுப்பில் பயிலும் உங்களுக்கும் அதில் பங்குண்டு. நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சிறுநகர் வாழ்வின் நன்மை தீமைகளை இக்கட்டுரை சீர்தூக்கிப் பார்க்கிறது.

சத்திரம் என்னும் சொல் வழிநடைப் பயணிகள் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும். அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் புதுச்சத்திரம். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடமான இவ்வூர், சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. வடக்கே காசுமீரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் நெடுஞ்சாலையே அது. வந்தவரைத் தங்கவைத்ததைப் பெயரால் நினைவூட்டும் இவ்வட்டாரத்திலிருந்து, இன்று குடும்பங்கள் தட்டுமுட்டுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குப் புறப்படுகின்றன. இடையிலுள்ள தொலைவோ ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகிலுள்ள நகருக்கு ஒரு குடும்பம் ஏன் பெயர வேண்டும்? பெயர்ந்தால் எதைப் பெறும், எதை இழக்கும்?

சிறுநகரின் ஈர்ப்பு

ஒரு தலைமுறைக்கு முன்பு, ஊரைவிட்டுப் போவது என்றால் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ திருப்பூருக்கோ போவது என்றே பொருள். இன்று நிலை மாறியுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டிலோ அது 48 விழுக்காட்டைத் தாண்டியது. பெருநகர்கள் மட்டுமே இவ்வளவு மக்களைத் தாங்கவில்லை. மாவட்டத் தலைநகர்களும் சந்தை ஊர்களும் வளர்ந்ததே தமிழகத்தின் தனித்தன்மை.

நாமக்கல் அதற்கு நல்ல சான்று. சேலம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாக இருந்த இவ்வூர், 1997 ஜனவரி முதல் நாள் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. கோழிப்பண்ணைகளும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் இதன் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. கால்நடை மருத்துவக் கல்லூரி முன்பே இருந்தது. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. 2013இல் சேலம் - கரூர் இருப்புப்பாதை இவ்வழியே இயங்கத் தொடங்கியது. 2024இல் நாமக்கல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. கல்வி, மருத்துவம், வேலை ஆகிய மூன்றும் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே வந்து நிற்கும்போது, அவற்றின் அருகில் சென்று வாழ விரும்புவது இயல்பே.

பெறுவன

நகரம் தரும் முதற்செல்வம் நேரம். நெடுஞ்சாலையிலிருந்து விலகி, காட்டுக்குள் அமைந்த ஒரு குக்கிராமத்து மாணவியை எண்ணிப் பாருங்கள். நடந்தும் பேருந்துக்குக் காத்திருந்தும் பயணம் செய்தும் ஒருவழிக்கு ஒரு மணி நேரம் செலவிடுகிறாள் எனில், நாளொன்றுக்கு 2 மணி நேரம். 200 வேலை நாள்களுக்கு 400 மணி நேரம். அந்நேரம் படிப்பாகவும் விளையாட்டாகவும் உறக்கமாகவும் மாறியிருக்க வேண்டியது.

இரண்டாவது, மருத்துவம். நெஞ்சுவலி நள்ளிரவில் வரலாம். மகப்பேற்று வலி விடியும்வரை காத்திராது. அத்தகைய வேளைகளில் 15 கிலோமீட்டர் என்பது சிறு தொலைவன்று.

மூன்றாவது, வேலை. ஊரில் பருவமழை பொய்த்தால் மானாவாரி நிலமும் கைவிடும். அதனோடு வீட்டார் அனைவரின் உழைப்பும் முடங்கும். நகரில் ஒருவர் பட்டறையிலும் மற்றொருவர் கடையிலும் வேலை செய்ய இயலும். ஒருவரின் வருவாய் நின்றாலும் அடுப்பு அணையாது.

நான்காவது, பலரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். அவ்வறிமுகம் சிலருக்கு அரண், சிலருக்குச் சிறை. இந்தியாவின் உயிர் சிற்றூர்களில் உள்ளது என்று காந்தியடிகள் நம்பினார். அண்ணல் அம்பேத்கரோ 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே சிற்றூரைக் கண்டார்; அரசியலமைப்பு வரைவு ஊரை விடுத்துத் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதை வரவேற்றார். பிறப்பைக் கொண்டு தம்மை அளக்கும் தெருவிலிருந்து விலகி, பெயரும் தொழிலும் மட்டுமே கேட்கப்படும் தெருவில் வாழ ஒருவர் விரும்பினால், அதனை ஊர்ப்பற்றின்மை என்று பழிப்பது அறமாகாது. நகரிலும் அவ்வேற்றுமை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. எனினும் அதன் பிடி அங்குச் சற்றுத் தளர்கிறது.

இழப்பன

தட்டின் மறுபக்கத்தையும் பார்ப்போம். ஊரில் விலை கொடாமல் கிடைத்தவை பல. சொந்த வீடு, கட்டுத்தரை மாட்டின் பால், தோட்டத்துக் கீரை, கிணற்று நீர், அடுப்புக்கு விறகு ஆகியவை எவருடைய வரவுசெலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. நகருக்குச் சென்ற முதல் மாதமே அவை அனைத்தும் செலவுப் பக்கத்தில் வந்து நிற்கும். முன்பணமும் மாத வாடகையும் அவற்றோடு சேரும். ஊரில் 10,000 ரூபாயில் நடந்த குடும்பம், நகரில் 20,000 ரூபாய் ஈட்டியும் கடன்படுவது இதனால்தான்.

நிலம் வைத்திருப்போர்க்கு வேறோர் இழப்பும் உண்டு. மரவள்ளியும் நிலக்கடலையும் சின்ன வெங்காயமும் விளையும் இம்மண், நாள்தோறும் கண் பட வேண்டிய மண். உடையவர் வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நிலம் முதலில் தரிசாகும், பிறகு மனையாகும். நிலமற்றோர்க்கும் இழப்பு உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வேலை உறுதித் திட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு உரியதாகவே வகுக்கப்பட்டது; நகரில் குடியேறுவோர் அப்பற்றுக்கோட்டை விட்டே செல்கின்றனர். அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்க முற்பட்டபோது மக்கள் மறுப்புத் தெரிவித்ததற்கு, இவ்வேலையை இழக்கும் அச்சமும் வரி உயரும் அச்சமுமே முதன்மைக் காரணங்கள். நாம் நகருக்குப் போகாவிட்டாலும், நகரம் நம்மை நோக்கி வரும் காலமிது.

யாவற்றினும் பெரிய இழப்பு முதியோருக்கே. திண்ணையில் அமர்ந்து தெருவையே ஆண்டுவந்த அப்பத்தா, நகரத்து இரண்டாம் மாடியில் ஒரு சாளரத்திற்குள் அடங்கிப்போகிறார். ஊரில் அவர் நோயுற்றால் பத்து வீட்டார் வந்து பார்ப்பர். நகரில் மருத்துவமனை அருகிலிருக்கும். ஆறுதல் சொல்பவர் தொலைவிலிருப்பர்.

பேருந்து என்னும் உரைகல்

இவ்விரு தட்டுகளையும் எவ்வாறு நிறுப்பது? என் கருத்தில் அதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. நாம் நகரில் தேடும் பொருளைப் பேருந்து கொண்டுவந்து தருமா என்று கேட்க வேண்டும். தருமெனில், அதற்காகக் குடிபெயர வேண்டுவதில்லை. தராதெனில், குடிபெயரத் தயங்கவும் வேண்டுவதில்லை.

பகல்நேரக் கல்லூரியைப் பேருந்து தரும். அலுவலக வேலையையும் வாரச் சந்தையையும் தரும். சிற்றுந்துகள் 1997 முதல் தமிழகத்து உட்கிராமங்களைத் தொட்டன. மாணவர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஊரில் உறங்கி நகரில் உழைக்கும் வாழ்வு இவற்றால் பலருக்கு வாய்த்துள்ளது. நகர்ப்புற வசதிகளை ஊரகத்திற்குக் கொண்டுசேர்க்கும் 'புரா' திட்டத்தை முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் வலியுறுத்தியபோது, சாலை வழி இணைப்பையும் அதன் அடிப்படைகளுள் ஒன்றாகவே வைத்தார்.

ஆயினும், பேருந்து தர இயலாதவையும் உண்டு. தொடர் சிகிச்சை தேவைப்படும் நோயாளிக்கு இரவில் உதவி, இரவுப்பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்குப் பாதுகாப்பு, ஊரின் கண்காணிப்பிலிருந்து விடுதலை ஆகியவை எந்தப் பேருந்திலும் ஏறி வருவதில்லை. இவற்றுள் ஒன்று உண்மையிலேயே தேவையெனில், அக்குடும்பம் பெயர்வதே முறை.

இவ்வுரைகல்லுக்கும் ஒரு வரம்புண்டு. நெடுஞ்சாலையோரம் வாழ்பவர்க்கு நாமக்கல் அரைமணிப் பயணம். சாலையிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே வாழ்பவர்க்கு அதுவே அரைநாள் வேலை. ஊருக்கும் நகருக்கும் உள்ள தொலைவைக் கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தைக் கொண்டே அளக்க வேண்டும். அந்நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் ஊராட்சி, பல குடும்பங்களைத் தம் ஊரிலேயே தக்கவைத்துக்கொள்ளும். அதனைக் கேட்டுப் பெறுவது கிராமசபையில் நாம் செய்ய வேண்டிய பணி.

வீட்டில் ஒரு கணக்கு

குடிபெயர்வில் குடும்பம் அடையும் இலாபம் என்று நாம் பொதுவாகப் பேசுகிறோம். குடும்பம் என்பது ஒருவரல்லர். ஒரே பெயர்வில் மகள் 400 மணி நேரம் பெறுவாள். அப்பத்தா தம் தெருவை இழப்பார். தாய் கறவை மாட்டின் வருவாயை இழந்து தையற்கூடத்தின் ஊதியத்தைப் பெறுவார். பெறுபவரே முடிவெடுத்து, இழப்பவர் அதனைச் சுமப்பது நேர்மையன்று. எனவே, கணக்கை ஆள்வாரியாகப் போட வேண்டும். மிகுதியாக இழப்பவரிடமே முதலில் கருத்துக் கேட்க வேண்டும்.

'எல்லாரும் போகிறார்கள்' என்பதும், 'ஊரில் இருந்தால் மதிப்பில்லை' என்பதும் அக்கணக்கில் இடம்பெறத் தக்கவை அல்ல. முடிவு பெயர்வதாயின், முதல் ஓராண்டு வாடகைக்குச் சென்று வாழ்ந்து பாருங்கள். ஊர் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுச் செல்லாதீர்கள். திரும்பும் வழியைத் திறந்துவைத்துப் போவது அச்சத்தின் அடையாளமாகாது. அது அறிவுடைமை.

மாணவர்களே, இன்று இரவு உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். நகருக்குப் பெயர்ந்தால் அவர் பெறுவதை ஒருபுறமும் இழப்பதை மறுபுறமும் குறியுங்கள். நீங்களாக எழுதாமல், அவரவரைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் படிப்பின் பொருட்டே இடம்பெயர எண்ணும் வீட்டில், அத்தாளை எழுதும் கடமை உங்களுடையதே.