பழுதானது சர்வர் மட்டும்தானா?

எலெக்ட்ரானிக் சிட்டி என்றவுடன் பெரிய கண்ணாடிக் கட்டடங்களும் உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் தொடங்கிய பேட்டை இது. 2010ல் மேம்பாலச் சாலை வந்தது; 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆனால் பெரிய கட்டடங்களுக்குப் பின்னால், ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்யும் சிறு கம்பெனிகளும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் கம்ப்யூட்டர் அறைகளைக் கவனித்துக் கொள்பவர்களில் நம் பிள்ளைகள் பலர். ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து அத்திபெலே வழியாக தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு நேர்ந்ததை நம் சங்க அன்பர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ முடித்து, 1982ல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2020ல் ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், இப்படி ஒரு சிறு கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் போய், மின்சாரம், எர்த்திங், யு.பி.எஸ். பேட்டரி ஆகியவற்றைப் பார்த்து ஆலோசனை சொல்லிக் கொண்டிருந்தேன். அங்கே இரண்டு பேட்டரி வரிசைகள் பழையதாகிவிட்டன, மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "பார்க்கலாம்" என்றார்கள். நானும் எழுதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அதுவும் தவறுதான்.

2022 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூரின் கோடை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றும் இடியுமாய் அடித்ததில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்புவதற்குள் யு.பி.எஸ். கைவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் அணைந்தன. கரண்ட் வந்த பிறகு மற்றவை எழுந்துவிட்டன; ஈ-மெயில் சர்வரின் டேட்டாபேஸ் மட்டும் திறக்கவில்லை. "டர்ட்டி ஷட்டவுன்" என்ற நிலையில் நின்றுவிட்டது. கம்பெனியின் ஆர்டர்கள், டிராயிங்குகள், ஏழெட்டு வருடக் கடிதப் போக்குவரத்து எல்லாம் அதற்குள்தான்.

இந்த இடத்தில், கம்ப்யூட்டர் பழக்கமில்லாத அன்பர்களுக்காக ஒரு விளக்கம் சொல்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையில் ரயில் வருகை, புறப்பாடு எழுதும் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும். பக்கத்து ஸ்டேஷனுடன் பேசியது, பிரைவேட் நம்பர், நேரம் எல்லாவற்றையும் மையில் அதில் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. படிக்க முடிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது என்று போர்டில் எழுதி வைத்திருப்பது அழிந்து போனாலும், ரிஜிஸ்டரைப் பார்த்து மறுபடி எழுதிவிடலாம்.

எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஒரு கடிதம் வந்தால் அதை முதலில் "லாக்" என்ற பதிவேட்டில் எழுதுகிறது. பிறகுதான் பெரிய டேட்டாபேஸில் சேர்க்கிறது. அந்தப் பதிவேடு ஒரு மெகாபைட் அளவுள்ள சிறு சிறு ஃபைல்களாக வரிசை எண்ணோடு சேர்ந்துகொண்டே போகும். டேட்டாபேஸ் கெட்டுப் போனால், கடைசியாக எடுத்த நல்ல பேக்-அப்பைக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு வந்த பதிவேடுகளை வரிசையாக ஓட்டினால், அநேகமாக எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். முழு பேக்-அப் ஒழுங்காக முடிந்தால் பழைய பதிவேடுகளை அதுவே அழித்துக் கொள்ளும். பேக்-அப் நடக்காவிட்டால் அவை குவிந்து டிஸ்க்கை நிரப்பிவிடும்.

அந்தக் கம்பெனியில் இதுதான் நடந்திருக்கிறது. யாரோ பாஸ்வேர்டை மாற்றியதால் ஐந்து மாதமாக பேக்-அப் ஓடவே இல்லை. டிஸ்க் நிரம்பியபோது, "பழைய ஃபைல்களை அழித்து இடம் பண்ணு" என்று மேலதிகாரி போனிலேயே உத்தரவு போட்டிருக்கிறார். பதிவேடுகள் போயின. மீதி இருந்தவற்றில் கடைசியாக எழுதிக் கொண்டிருந்தது மின்தடையில் சிதைந்துவிட்டது. ஆக, ஐந்து மாதத்துக்கு முந்தைய பேக்-அப் இருந்தும், அதை இன்றைய நாள்வரை கொண்டுவர வழியில்லை.

சனிக்கிழமை காலை நான் போனபோது அந்தப் பையன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்து நான்கு இருக்கும். ஏஜென்ஸி மூலம் கான்ட்ராக்டில் வந்தவன். அவனுக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒரு கட்டளைதான். டேட்டாபேஸைப் பலவந்தமாகப் பழுது பார்ப்பது. படிக்க முடியாத பக்கங்களை அது தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கும். எறிந்தது எறிந்ததுதான். அதனால்தான் இதைக் கடைசி வழியாக மட்டும் கையாள வேண்டும், அதற்கு முன் கெட்டுப்போன ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்துக் கொள்ள வேண்டும் என்பது விதி.

"சார், முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கறேன். நாலு மணி நேரம் ஆகும்" என்றான் பையன்.

"நாலு மணி நேரமா? கஸ்டமர் காத்திட்டிருக்கான். நேரா ரிப்பேர் போடு" என்றார் ஒருவர்.

போட்டான். டேட்டாபேஸ் திறந்தது. ஆனால் பல பேருடைய பெட்டிகளில் பாதிக் கடிதங்களைக் காணோம். இருந்தவற்றிலும் சிலவற்றில் இணைப்புகள் இல்லை.

இதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் நான் பாராட்டுகிறேன். அவுட்லுக் உபயோகிப்பவர்களின் கம்ப்யூட்டரில் அவரவர் கடிதங்களின் பிரதி ஒன்று தானாகவே சேர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பாதி காலியான சர்வரோடு பேசிவிட்டால், உள்ளே இருக்கும் பிரதியும் அதைப் போலவே காலியாகிவிடலாம். ஆகவே அறுபது பேருக்கும் போன் போட்டு, "லேப்டாப்பை நெட்டில் இணைக்க வேண்டாம், அவுட்லுக்கைத் திறக்க வேண்டாம்" என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு லேப்டாப்பாக வரவழைத்து, நெட் இணைப்பு இல்லாமலே திறந்து, கடிதங்களைத் தனி ஃபைலாக வெளியே எடுத்தான். திங்கட்கிழமை மாலைக்குள் பெரும்பகுதி திரும்பிவிட்டது. சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் பிரௌசர் வழியாகவே மெயில் பார்த்து வந்த ஸ்டோர்ஸ் ஊழியர்கள் மூவரின் கடிதங்கள்தான் மீளவில்லை.

புதன்கிழமை ஏஜென்ஸியிலிருந்து அவனுக்கு, "இனி வர வேண்டாம்" என்று தகவல். அந்த மாதச் சம்பளத்தில் பாதியையும் பிடித்துக் கொண்டார்கள். பேட்டரி வாங்காதவர், பேக்-அப் ரிப்போர்ட்டை ஐந்து மாதமாகக் கேட்காதவர், பதிவேட்டை அழிக்கச் சொன்னவர், பிரதி எடுக்க நேரம் தராதவர் எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். நான் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அடுத்த மாதம் நானும் விலகிக் கொண்டேன்.

ரயில்வேயில் குறைகள் எத்தனையோ உண்டு. ஆனால் இரண்டு பழக்கங்கள் எனக்கு அங்கே வந்தவை. சிக்னல் சாதனத்தில் கை வைக்க வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுத்தில் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். விபத்து நடந்துவிட்டால், ரிலே ரூமைப் பூட்டி சீல் வைத்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று கூட்டாகக் குறித்துக் கொண்ட பிறகுதான் பழுது பார்ப்பது. மேலே இருந்து எவ்வளவு பெரிய அதிகாரி சத்தம் போட்டாலும், "ரூல் இப்படி இருக்கிறது சார்" என்று ஒரு சாதாரண மெக்கானிக் சொல்லலாம். அந்தப் பையனிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. அறிவு இருந்தது, ஆனால் அதிகாரம் இல்லை.

இது சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2011 பிப்ரவரி இறுதியில் கூகுளின் ஜி-மெயிலிலேயே ஒரு சாஃப்ட்வேர் மாற்றத்தில் இருந்த பிழையால், 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. பல இடங்களில் பிரதி வைத்திருந்தும், பிழை அந்தப் பிரதிகளுக்கும் பரவியது. கடைசியில் கை கொடுத்தவை நெட் இணைப்பில்லாமல் தனியே வைத்திருந்த டேப்புகள். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் சைபர் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏறக்குறைய இரண்டு வாரம் நோயாளிகள் பதிவை ஊழியர்கள் கையால் எழுதினார்கள். தாக்குதலில் சிக்காத ஒரு பேக்-அப் சர்வர் இருந்ததால் தகவல்கள் மீண்டன என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் தகவல் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று அதற்கு வெளியே பிரதி எடுக்காமலே விட்டிருந்தார்களாம்! பணமோ படிப்போ அவர்களிடம் குறைவா?

நம் தமிழுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1887ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு ஒன்றில் செல்லரித்திருந்த இடத்தை வேறு ஊரில் வேறு வீட்டில் இருந்த ஏட்டைக் கொண்டுதான் நிரப்ப முடிந்தது. ஒரே வீட்டுப் பரணில் பத்துப் பிரதி இருந்திருந்தால் பத்தையும் ஒரே கரையான் தின்றிருக்கும்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலும் மற்ற இடங்களிலும் மேனேஜராகவும் முதலாளியாகவும் இருக்கும் நம் சங்க அன்பர்களை நான் கேட்டுக் கொள்வது மூன்று விஷயம். ஒன்று, "பேக்-அப் எடுக்கிறோமா?" என்று கேட்காதீர்கள்; "கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தோம்?" என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்-அப்பை இறக்கி, பத்துக் கடிதங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, கெட்டுப்போன ஃபைலை முதலில் பிரதி எடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது என்று உங்கள் கையெழுத்துடன் ஒரு தாள் எழுதி சர்வர் அறைக் கதவில் ஒட்டுங்கள். உங்களுக்கே எதிராக அந்தத் தாளைக் காட்ட கடைசி ஊழியனுக்கும் உரிமை இருக்கட்டும். மூன்று, எது தவறியது என்று எழுதி முடித்த பிறகு, யார் என்று பாருங்கள். முதலிலேயே ஆளைத் தேடினால் அகப்படுகிறவன் கான்ட்ராக்ட் பையனாகத்தான் இருப்பான்.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஊரை விட்டு வந்தவர்கள் நாம். முன்பு அப்பாவும் அக்காவும் எழுதிய இன்லண்ட் கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இன்று பிள்ளைகள் எழுதுவதும் அனுப்பும் படங்களும் எல்லாம் ஜி-மெயிலில். இரண்டு வருடம் உபயோகிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது. காலமான தந்தையின் கணக்கு சத்தமில்லாமல் மறைந்துபோகலாம். "டேக்-அவுட்" என்ற வசதியின் மூலம் கடிதங்கள் அனைத்தையும் இறக்கி இரண்டு டிஸ்க்குகளில் வைத்துக் கொள்ளலாம். ஒன்று இங்கே, ஒன்று ஊரில். நமக்குப் பின் யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கவும் அதே கூகுளில் வழி உண்டு. பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் அரை மணியில் செய்து கொடுப்பார்கள்.

சங்கச் செயற்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் பட்டியலும் பழைய இதழ்களும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்தத் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளை அழைத்து, உறுப்பினர்களுக்கு இதைச் செய்து காட்டச் சொல்லலாம். கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்படிப் பழிக்கு ஆளாகும்போது, ஏஜென்ஸியிடம் பேச, சம்பளப் பாக்கிக்கு மனு எழுத, சட்டம் தெரிந்த நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் முன்வந்தால் பெரிய உதவி.

அந்தப் பையன் இப்போது ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். சேர்ந்த முதல் வாரமே அங்கே பேக்-அப்பை இறக்கிப் பார்த்தானாம். அது திறக்கவில்லையாம். "என்னப்பா செய்தாய்?" என்று கேட்டேன். "எழுத்துல கொடுத்தேன் சார். பதில் வர்ற வரைக்கும் தினமும் போய்க் கேட்டேன்" என்றான். நான் பேட்டரிக்குச் செய்யத் தவறியது அதுதான்.