பண்டிகையும் நெருப்பும்

கார்த்திகை பிறந்தது முதல் தை பிறக்கும் வரையில் நமது நாட்டில் பண்டிகைகளுக்குக் குறைவே கிடையாது. கார்த்திகை விளக்கு, சொக்கப்பனை, கிறிஸ்துமஸ், ஆங்கில வருஷப் பிறப்பு, போகி, பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இவற்றில் இந்து பண்டிகை என்றும் கிறிஸ்தவப் பண்டிகை என்றும் பேதம் உண்டே தவிர, நெருப்பைப் பொறுத்தமட்டில் யாதொரு பேதமும் இல்லை. ஒருவர் அகல் ஏற்றுகிறார்; மற்றவர் மெழுகுவத்தி ஏற்றுகிறார். ஒருவர் பனையோலையைக் கொளுத்துகிறார். மற்றவர் வைக்கோலால் குடில் கட்டி அதற்குள் விளக்கு வைக்கிறார். இத்தனை நெருப்பையும் எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதைப் பற்றி மாத்திரம் ஒருவரும் யோசிப்பதாகக் காணோம்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிற கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், நடுவூர் மாதாகுப்பம், தோணிரேவு முதலிய ஊர்களில், 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்த பிறகு காரை வீடுகள் பெருகியிருக்கின்றன என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் காரை வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை நிற்கிறது. இருளர் தோழர்களில் பலருக்கு இன்றும் ஓலைக் குடிசைதான் மாளிகை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் வலை முழுவதும் வீட்டோடு கிடக்கும். அந்த வலையோ இப்போது பருத்தி வலை அல்ல, நைலான் வலை. அது எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டினது தோலில் ஒட்டிக்கொண்டு சதையோடு வரும். பக்கத்திலே படகு இஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய்க் கேன் இருக்கும். எதிரிலே அடுப்பு எரியும். வெளியே வாடைக் காற்று வீசும். இவ்வளவும் சேர்ந்த இடத்தில் ஒரு மாவளிப் பொறி வந்து விழுந்தால் என்னவாகும் என்பதை அறிய ஜோசியன் வேண்டியதில்லை.

அப்படி ஒரு வீடு எரிந்துவிட்டால் நம் ஜனங்கள் சொல்லும் சமாதானந்தான் எரிச்சலை உண்டாக்குகிறது. "அம்மன் கோபம்" என்பார் ஒருவர். "தலையெழுத்து" என்பார் மற்றொருவர். "கர்த்தர் சோதிக்கிறார்" என்பார் இன்னொருவர். அடுப்புச் சாம்பலைச் சூடு தணியுமுன்னே குப்பையில் கொட்டியது யார் என்று மாத்திரம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரத்துக்குப் பூசாரி எதற்கு?

நம் இலக்கியங்களில் வரும் நெருப்புக்கு அபாரமான அறிவு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும்போது அக்கினி பகவான் பார்ப்பன உருவத்தில் எதிரே வந்து, யார் யாரை விட்டுவிட வேண்டுமென்று கண்ணகியிடம் உத்தரவு கேட்கிறார். விட்டுவிட வேண்டியவர்கள் ஜாபிதாவில் பார்ப்பனரும் பசுவும் இருக்கிறார்கள்; கிழவர்களும் குழந்தைகளுங்கூட இருக்கிறார்கள். கதை நெருப்பு இப்படி ஆள் பார்த்து எரிகிறது. நிஜ நெருப்பு எப்படி எரிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

1997-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி தஞ்சைப் பெரிய கோவில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி 48 பேர் மாண்டார்கள். அக்கினியை வரவழைத்து, வணங்கி, நெய் வார்த்த இடமே அதுதான். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டுச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்தார்கள். 2004-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள். நாளும் முகூர்த்தமும் பார்த்து வைத்த கல்யாணந்தானே அது? அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில், சமையல் செய்த இடத்து நெருப்பு ஓலைக் கூரையில் தாவி 94 குழந்தைகள் மாண்டார்கள். குழந்தைகளை விட்டுவிடும் அக்கினி பகவான் அன்று எங்கே போயிருந்தார் என்று கேட்கிறோம். வடக்கே அரியானா மாகாணம் டப்வாலியிலும், 1995-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி பள்ளிக்கூட விழாப் பந்தல் எரிந்து 400 பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

இவற்றில் கோவில் உண்டு, தர்கா உண்டு, முகூர்த்தம் உண்டு. எதுவும் ஒருவரையும் காப்பாற்றவில்லை. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களின் ஓலைக் கூரைகளை அகற்றும்படி சர்க்கார் உத்தரவு போட்டதே, அந்த உத்தரவுதான் குழந்தைகளைக் காப்பாற்றும். காரணத்தை அறிந்து காரணத்தை அகற்றுவதுதான் பகுத்தறிவு. அது ஒன்றும் பெரிய தத்துவம் அல்ல. கூரைக்கும் நெருப்புக்கும் நடுவே நாலு முழம் இடம் விடுகிற புத்திதான்.

"அப்படியானால் பண்டிகையே கூடாது என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். பொங்கல் உழைப்பாளியின் திருநாள். அதைத் தாராளமாகக் கொண்டாடுங்கள். மற்றவை பற்றி நமது அபிப்பிராயம் இப்பத்திரிகையை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்று நாம் சொல்லுவது நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் பொதுவான சங்கதி. ஆகவே சில காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, படகு எண்ணெயை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாக ஊர்ந்து அடுப்பு இருக்கும் இடத்தைத் தானே தேடிப்போய்ப் பற்றும். சமையல் காஸும் அப்படியே. அதற்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டுமென்றே நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விளக்கையும் மெழுகுவத்தியையும் கொசுவத்தியையும் வலைக்கும் பாய்க்கும் அருகில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். நட்சத்திர விளக்குக்கும் சீரியல் விளக்குக்கும் ஒட்டுப்போட்ட வயரை உபயோகிக்காதீர்கள். உப்புக் காற்று வயரின் இணைப்பைத் தின்றுவிடும். இணைப்பு கெட்ட இடம் சூடேறும். சொக்கப்பனையும் மாவளியும் வெடியும் ஓலைக் கூரைப் பக்கமே வரக்கூடாது. போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது வீட்டுக்கும் கேடு, மூச்சுக்கும் கேடு.

மூன்றாவது, எண்ணெய் பற்றி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் மிதந்து பரவும். மணலைக் கொட்டுங்கள். மின்சாரத் தீயானால் முதலில் மெயினை நிறுத்துங்கள். கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமா? ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஊர் நிறைய மணல் இருக்கிறது. ஆனால் வாசலில் ஒரு வாளி மணலும் ஒரு குடம் தண்ணீரும் இருக்கிற வீடு எத்தனை?

நாலாவது, துணியில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். தரையில் படுத்து உருளவேண்டும். வெந்த புண்ணின்மேல் மையையும் மாவையும் பற்பசையையும் திருநீற்றையும் அப்பாதீர்கள். ஓடுகிற சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் விட்டு, சுத்தமான துணியால் மூடி, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மந்திரிக்கிறவனிடம் கழிக்கிற ஒவ்வொரு மணியும் அந்த உயிரின் கணக்கில் பற்று.

இன்னொரு சங்கதி, பெண்களைப் பற்றியது. பண்டிகை ஆணுக்கு ஓய்வு. பெண்ணுக்கு இரட்டை வேலை. காற்றில்லாத மூலையில், உருகி ஒட்டுகிற நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு, விடியுமுன்னே எழுந்து பலகாரம் சுடுகிறவள் அவள். தீ முதலில் அவளைத்தான் பிடிக்கிறது. ஆனால் அடுப்பை எங்கே போடுவது, காசை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் ஊர்ப் பஞ்சாயத்தில் அவளுக்கு இடம் இருக்கிறதா? நெருப்போடு வாழ்கிறவளுக்கு நெருப்பைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக, பணத்தைப் பற்றி. நமது கடற்கரைக் குப்பங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற வழக்கம் இருக்கிறது. ஏழையானாலும் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறான். அந்தக் கட்டுப்பாட்டை நாம் மெச்சுகிறோம். அதே கட்டுப்பாட்டோடு ஒரே ஒரு வருஷத் தலைக்கட்டு வரியைத் தீக்கு எதிராகத் திருப்பிவிடுங்கள். ஒரு டீசல் பம்பு, நீளமான குழாய், தெருவுக்குத் தெரு மணல் வாளி, நாலைந்து தீயணைப்புக் கருவி, ஏரிக்கரையில் எண்ணெய் வைக்க ஒரு பொது அறை, இவற்றை அமைத்து, பத்து வாலிபர்களையும் பத்து பெண்களையும் பழக்குங்கள். 101-க்கோ 112-க்கோ சொன்னால் தீயணைப்பு வண்டி வரும். ஆனால் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஓலைக் கூரை அவ்வளவு நேரம் காத்திருக்காது. வண்டி வரும் வரையில் ஊர்தான் ஊரைக் காக்கவேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. குடிசைகளுக்குப் பதிலாக, வீடொன்றுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்து, 2030-க்குள் 8 லட்சம் காரை வீடுகள் கட்டுவதாக 2024-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் திட்டம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பட்டா இல்லாத இருளன் குடிசைக்கு அது எப்படி வந்து சேரும்? எரியக்கூடிய கூரை எவனுக்கு இருக்கிறதோ அவனையல்லவா முதலில் கவனிக்க வேண்டும்? இதைத் தோழர்கள் மனுப்போட்டுக் கேட்கவேண்டும், கிடைக்கிறவரை கேட்கவேண்டும்.

தோழர்களே! நெருப்பைக் கண்டு பயந்த மனிதன் அதைக் கும்பிட்டான். நெருப்பை அறிந்த மனிதன் அதை அடுப்பில் அடக்கினான். நாம் இவர்களில் யார் என்பதை இந்தப் பண்டிகைக் காலத்தில் காட்டுவோம். கற்பூரம் வாங்கும் காசில் இன்றைக்கே ஒரு வாளி வாங்குங்கள். மணலை நிரப்பி வாசலில் வையுங்கள்.