எல்லை தாண்டிப் போய்த் தோற்றவர்கள்

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் பற்றிப் பேச்சு வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் உடனே 1966-ஐச் சொல்வார்கள். அந்த வருட ஃபைனலில் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி, வெள்ளையர் மட்டுமே இருந்த கென்டக்கியை 72-65 என்று ஜெயித்தது. 2006-ல் 'குளோரி ரோட்' என்று படமே வந்துவிட்டது. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய ஆட்டம் மூன்று வருடம் முன்பே நடந்துவிட்டது. அது ஃபைனல் கூடக் கிடையாது.

1963. மிசிசிப்பி மாநிலம். கறுப்பின வீரர் இருக்கும் அணியோடு அந்த மாநிலத்து வெள்ளையர் கல்லூரிகள் ஆடக்கூடாது. இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணி 1959, 1961, 1962 என மூன்று முறை தன் லீகில் முதலிடத்துக்கு வந்தும், தேசியப் போட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. 1963-லும் முதலிடம். இந்த முறை பல்கலைக்கழகத் தலைவர் டீன் கால்வார்ட், போகலாம் என்று முடிவெடுத்தார்.

சும்மா விடுவார்களா? முந்தைய வருடம்தான் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்வதை எதிர்த்துக் கலவரம் நடந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். இப்போது அணி மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கினார்கள். உத்தரவு கைக்கு வருவதற்குள் கால்வார்ட் அலபாமாவுக்குக் கிளம்பிவிட்டார். கோச் பேப் மெக்கார்த்தி டென்னசிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை மாற்று ஆட்டக்காரர்களை முதலில் ஏர்போர்ட்டுக்கு அனுப்பி, போலீஸ் தொந்தரவு இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்கள் வந்து விமானம் ஏறினார்கள். பந்து விளையாடப் போவதற்கு இத்தனை திருட்டுத்தனம்!

எதிரணி லயோலா. நம்ம சென்னை லயோலா இல்லை, சிகாகோ லயோலா (இரண்டுமே இயேசு சபையாருடையதுதான்). அந்த அணியில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பினத்தவர். மார்ச் 15, மிச்சிகனில் ஈஸ்ட் லான்சிங். ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களும், ஜெர்ரி ஹார்க்னெஸ்ஸும் ஜோ டான் கோல்டும், கை குலுக்கியபோது நாலாபக்கமும் கேமரா ஃபிளாஷ்கள் வெடித்தன. லயோலா 61-51 என்று ஜெயித்தது. எட்டு நாள் கழித்து ஃபைனலில், இரண்டு வருடமாகச் சாம்பியனாக இருந்த சின்சினாட்டியை ஓவர்டைமில் 60-58 என்று வீழ்த்திக் கோப்பையையும் வாங்கியது. அந்த ஃபைனலில் லயோலாவின் ஐந்து பேரும் மாற்று ஆளே இல்லாமல் 45 நிமிடமும் ஆடினார்கள்.

"மிசிசிப்பிப் பசங்க சமத்துவத்துக்காகவா போனாங்க? கோப்பைக்காகத்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பல்கலைக்கழகமே 1965-ல்தான் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது. அதனால் அவர்களைப் புரட்சியாளர்கள் என்று தூக்கி வைக்க நான் வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. நல்ல அணி யாரோ அவர்களோடு மோதிப் பார்க்க வேண்டும் என்ற சாதாரண ஆசையே அந்த விதியை உடைக்கப் போதுமானதாக இருந்தது. 2011-ல் கோல்ட் இறந்தபோது அவர் இறுதிச் சடங்குக்கு ஹார்க்னெஸ் போனார். அங்கே அந்தக் கை குலுக்கும் போட்டோ வைக்கப்பட்டிருந்ததாம்.

ஓசூரில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன்? நமக்கும் எல்லை என்றால் என்னவென்று தெரியும். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பஸ்கள் நின்றுபோய், பெட்டியும் குழந்தையுமாக ஜனங்கள் அந்த எல்லையை நடந்தே கடந்தார்கள். ஆனால் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிந்து ஆடுகிற பசங்களைப் பாருங்கள். ஒரே டீமில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கேட்கும். மொழி எல்லையை மைதானத்தில் நாம் எப்போதோ தாண்டிவிட்டோம்.

தாண்டாதது ஊருக்குள் இருக்கிறது. கிராமத்து டோர்னமெண்ட் நோட்டீஸைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, நடுவர் தீர்ப்பே இறுதியானது, எல்லாம் இருக்கும். இந்தத் தெரு அணி வரக்கூடாது என்று மட்டும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பல ஊர்களில் அந்தத் தெரு அணி வராது, ஏனென்றால் யாரும் கூப்பிடுவதில்லை. "பிரச்சினை வேணாம்பா" என்பார்கள். மிசிசிப்பியிலும் இதையேதான் சொன்னார்கள்.

எழுதாத விதியை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஒரு டீம் போய் ஆடினால்தான் அது போகும், அதுவும் கூப்பிடும் இடத்தில் இருக்கிற டீம். இந்தக் கோடையில் உங்கள் ஊரில் நோட்டீஸ் அடித்தால், எந்தத் தெருவுக்கு அது போகவில்லை என்று பாருங்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வந்து உங்களைத் தோற்கடித்தாலும் பரவாயில்லை.