விளையாட்டை ஏற்றலும் இறக்கலும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று கணினி உண்டு; பரீட்சைக் காலத்துப் பூசலும் உண்டு. விளையாட்டை எடுத்துவிட வேண்டும் என்பர் பெற்றோர். கடந்த கட்டங்களெல்லாம் அழிந்துவிடுமே என்று கலங்குவர் பிள்ளைகள். லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியனைக் கையாளும் அன்பர்கள் அவ்வாறு அஞ்சவேண்டுவதில்லை.

1993-இல் தொடங்கிய டெபியனில் விளையாட்டும் ஒரு பொதியாகவே வருகிறது. பென்குயின் பறவை தாவிக் குதித்துச் செல்லும் சூப்பர்டக்ஸை எடுத்துக்கொள்வோம். முனையத்தில் ஆங்கில எழுத்துக்களில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் சூப்பர்டக்ஸ்’ என்று இட்டால், களஞ்சியத்திலிருந்து விளையாட்டும் அதன் துணைப்பொதிகளும் வந்து சேரும். யாவும் பதிவேட்டில் வரவாகும்.

எடுக்கும்போது திரையிலுள்ள சின்னத்தை மட்டும் அழிப்பது, சரக்கு கிடங்கில் கிடக்கச் சீட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும் என்பதை ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் நன்கறிவோம். ‘இன்ஸ்டால்’ என்ற இடத்தில் ‘ரிமூவ்’ என்று இடுக. பின்னர் ‘சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ என்றால், வேறெதற்கும் வேண்டாத துணைப்பொதிகளும் நீங்கும். நீங்கும் பொதிகளின் பட்டியலைக் காட்டிச் சம்மதம் கேட்கும். படித்த பின்னரே இசைக.

பிள்ளை கடந்த கட்டங்களோ, பிள்ளையின் கணக்குக்குரிய கோப்புறையில் தனியே இருப்பவை. ஆப்ட் அவற்றைத் தீண்டாது. ‘பர்ஜ்’ என்னும் கட்டளையும் கணினிக்குப் பொதுவான அமைப்புக் கோப்புகளையே துடைக்கும். பரீட்சை முடிந்து மீண்டும் ஏற்றினால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: பிள்ளை அறியாமல் எடுக்காதீர். அருகமர்த்தி, பிள்ளையின் கையாலேயே எடுப்பிப்பீர். திருப்பித் தரும் நாளைச் சொல்வீர். சொன்ன நாளில் தருவீர்.