மறையுரையும் நாவலும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, விசைத்தறியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தாம் எழுதிய கதையைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்தார். நிலத் தகராறில் உடன்பிறந்தவனையே வெட்டிவிடும் ஒருவனின் கதை அது. சிவப்பு மையோடு அமர்ந்தேன். 'ஒறம்பரை' என்றிருந்ததை 'விருந்தினர்' என்றும், 'அப்புச்சி' என்றிருந்ததைத் 'தாத்தா' என்றும் மாற்றினேன். கொலைகாரன் மனம் திருந்தி ஒப்புரவு அருளடையாளம் பெறுவதாக ஒரு பக்கத்தை நானே எழுதிச் சேர்த்தேன். கதை பங்குத் திருவிழா மலரில் வெளிவந்தது. அதன்பின் அவர் எழுதவே இல்லை.

என் பிழையை எனக்கு உணர்த்தியது 'நாகம்மாள்'. தாராபுரத்தை அடுத்த கீரனூரில் 1917-இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் நாவல், 1942-இல் வெளிவந்தது. கணவனை இழந்த நாகம்மாள் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. அவள் கேட்டது உரிமையா, பேராசையா? ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. கொங்கு உழவர்களின் பேச்சைத் 'திருத்தவும்' இல்லை. நான் அழித்தவற்றையெல்லாம் அவர் காத்திருந்தார்.

நம்மவர் எழுதும் கதைகளைப் பாருங்கள். குடிகாரக் கணவன், கண்ணீர் வடிக்கும் மனைவி, ஒரு திருப்பயணம், உடனே மனமாற்றம். முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவரது நாவலிலும் அறிவுரை மிகுதிதான். ஆனால் தமிழில் முன்மாதிரியே இல்லாத காலத்தில் வழி வெட்டியவர் அவர். நாமோ அவரது துணிவை விட்டுவிட்டு, அறிவுரையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

"பாவத்தை அப்படியே எழுதினால் இறைமக்கள் இடறி விழமாட்டார்களா?" என்று கேட்பவர் உண்டு. விவிலியம் தாவீதின் விபசாரத்தையும், அதை மறைக்க அவர் செய்த கொலையையும் மூடி மறைக்கவில்லை. ஊதாரி மகன் உவமையை நம் ஆண்டவர் எப்படி முடித்தார்? மூத்த மகன் வாசலில் நிற்கிறான். தந்தை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை. அதைச் சொல்லாததனால்தான் அந்த வாசலில் இன்றும் நாம் நிற்கிறோம். நானாக இருந்தால் அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன்!

வட்டார வழக்கு இழிவானதா? தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவரது கலிலேயப் பேச்சே. இறைமகன் மனிதரானபோது ஏதோ ஒரு பொதுமொழியில் பிறக்கவில்லை. ஓர் ஊரில், அந்த ஊரின் பேச்சில் வளர்ந்தார். மனுவுருவாதலை விசுவசிப்பவர்கள் 'ஒறம்பரை'க்கு வெட்கப்படலாமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இலக்கிய வாசிப்பின் இன்றியமையாமை குறித்து 2024-இல் ஒரு மடலே எழுதினார். இளமையில் இலக்கிய ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். ஆனால் நம் பங்குகளில் நாவல் வாசிப்பது இன்னமும் பொழுதுபோக்கு; எழுதுவதோ வேண்டாத வேலை.

நாவலாசிரியரை உருவாக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அவரைக் கெடுக்கும் ஆற்றல் மட்டும் நிறைய இருக்கிறது. ஆகவே, கதைப் போட்டி நடத்தும் பங்குப் பேரவைகளே, 'படிப்பினை இருக்க வேண்டும்' என்ற விதியை நீக்குங்கள். எழுத விரும்பும் இளையோரே, சந்தையிலும் தறிக்கூடத்திலும் இழவு வீட்டிலும் காதைத் திறந்து வையுங்கள்; கேட்டதை உண்மையாக எழுதுங்கள். தீர்ப்பை வாசகரிடம் விடுங்கள். மறையுரை ஆற்ற நாங்கள் இருக்கிறோம்.

அண்மையில் அந்த விசைத்தறி இளைஞரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். "அதுல என்னங் சாமி இருக்குது" என்றார். மீண்டும் எழுதுவதாக அவர் சொல்லவில்லை.